ஐபிடி (குடல் அழற்சி நோய்) இருப்பவர் மஞ்சள்காமாலை ஊசி போடலாமா? கொரோனா ஊசியிலிருந்து பயம் போகவில்லை

செங்கோட்டை_மருமகள்
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இப்போதுதான்.

வீட்டுக்காரருக்கு குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய். தினமும் அசாதையோபிரின் மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒரு அடாலிமுமாப் ஊசி. இரண்டுமே எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. இப்போது வயிறு அமைதியாக இருக்கிறது. வேலை புனலூரில். நாலு பேர் சேர்ந்து ஒரு வாடகை அறை, வாரக் கடைசியில் பஸ் ஏறி ஆரியங்காவு, புளியரை வழியாக ஊருக்கு வந்துவிடுவார். அந்த அறை இருக்கும் தெருவில் மஞ்சள்காமாலை. கூட வேலை செய்யும் பையனுக்குக் கண் மஞ்சளாகி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆசா சேச்சி (ஊர்ச் சுகாதாரப் பணியாளர்) வந்து கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லிப் போயிருக்கிறார். முதலாளி நல்ல மனிதர், எல்லாரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், காசு நான் தருகிறேன் என்கிறார். பக்கத்து மெடிக்கலில் கேட்டால் "ஒரே ஊசி, ஆயுசுக்கும் போதும்" என்றார்களாம்.

என் பயம் வேறு. 2021ல் கோவிஷீல்டு முதல் டோஸ் போட்டார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, வயிற்றுக்கடுப்பு, ரத்தபேதி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மாமியார் ஊசி என்ற பேச்சையே எடுக்க விடுவதில்லை. டாக்டர் திருநெல்வேலியில். அடுத்த தேதி தள்ளி இருக்கிறது, போனிலும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இவர் வருகிறார். அதற்குள் நானாவது தெளிவாக வேண்டும்.

இயற்கை_வழி
போடாதீர்கள் சகோதரி. ஒருமுறை பட்டது போதாதா? எதிர்ப்பு சக்தி தாறுமாறானதால் வந்த நோய் இது. அதில் போய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் ஊசி போட்டால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுங்கள், காமாலை கிட்டவே வராது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
அம்மிணி, அவசரப்பட்டு எந்தப் பக்கமும் முடிவு எடுக்காதீங்க. எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடல் அழற்சி), பல வருடப் பழக்கம். கொரோனா ஊசி, ப்ளூ ஊசி, நிமோனியா ஊசி எல்லாம் போட்டவன். அதனால் உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வரவில்லை. ஒருவர் அனுபவம் இன்னொருவருக்கு அத்தாட்சி ஆகாது, எனக்குச் சரியாகப் போனதும் சரி, அவருக்கு மோசமாகப் போனதும் சரி.

முதலில் 2021 கதையை முழுசாகச் சொல்லுங்கள். ஊசிக்கு முன்னாடி என்ன மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது? ஊசிக்காக எதையாவது நிறுத்தினாரா? ஊசி போட்ட பிறகு காய்ச்சல், உடம்பு வலிக்கு என்ன சாப்பிட்டார்? மெடிக்கலில் கொடுத்த மாத்திரையின் பெயர் நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் பழியை ஊசி மேல் போடவும் முடியாது, ஊசியை விடுவிக்கவும் முடியாது.

செங்கோட்டை_மருமகள்
அண்ணாச்சி, பழைய பையைத் தேடி எடுத்தேன், சீட்டு எல்லாம் இருக்கிறது.

அப்போது அடாலிமுமாப் ஆரம்பிக்கவில்லை. அசாதையோபிரினும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும். பிரெட்னிசோலோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஊசிக்கு முன்னாடி சொந்தக்காரர் ஒருவர், "எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மாத்திரை சாப்பிட்டால் ஊசி பிடிக்காது, ரெண்டையும் நிறுத்து" என்று சொல்ல, இவரும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிட்டார். ஊசி போட்ட ராத்திரி நல்ல காய்ச்சல், இடுப்பு கழன்றுவிடும்போல் வலி. மெடிக்கலில் மாத்திரை வாங்கி வந்தார். அட்டையில் அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால் என்று இரண்டும் சேர்த்துப் போட்டிருக்கிறது. தினம் இரண்டு வேளை, வலி விடும்வரை சாப்பிட்டார். அதற்கு அப்புறம்தான் பேதி.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
இதைத்தான் கேட்டேன்.

குறைத்து வரச் சொன்ன ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தினால் அது மட்டுமே நோயைக் கிளப்பப் போதும். நோய் கிளம்பாவிட்டாலும் ஆபத்துதான். நாளாக ஸ்டீராய்டு எடுத்தவர் உடம்பு, தான் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் சோம்பிக் கிடக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம்கூட வரும். அதற்கு மேல் அசிக்ளோஃபெனாக். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் எல்லாம் அதே குடும்பம். இந்த வலி மாத்திரைகள் குடலின் உள்தோலை அரிக்கும் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்குக் குடல் மருத்துவர்கள் வேண்டாம் என்பார்கள். சாப்பிட்ட எல்லாருக்கும் நோய் கிளம்பும் என்றில்லை, ஆனால் ஸ்டீராய்டை நிறுத்திய அதே வாரத்தில் இதுவும் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஊசிக்குப் பங்கே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். யாராலும் முடியாது. ஆனால் ஒரே வாரத்தில் மூன்று காரியம் நடந்திருக்கிறது, அதில் ஒன்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி இத்தனை வருடமாக நிற்க வைத்திருக்கிறீர்கள்.

ஊசிக் காய்ச்சலுக்கு வெறும் பாராசிட்டமால் போதும். டோலோவோ வேறு எதுவோ, அட்டையில் கூட்டாளி மருந்து இல்லாமல் பார்த்து வாங்குங்கள். கடையில் "காய்ச்சல், உடம்பு வலி" என்று மட்டும் சொன்னால் கைக்கு வருவது பெரும்பாலும் அந்தக் கூட்டு மாத்திரைதான். நம் பக்கம் எல்லா ஊரிலும் இதே கதை.

களியக்காவிளை_பார்மசி
நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். வீடு களியக்காவிளை, வேலை எல்லைக்கு அந்தப் பக்கம். முந்தின பதிவில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லாரும் 2021ஐயே தோண்டிக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது போடப்போகிற ஊசியில் இருக்கும் உண்மையான கண்ணியை யாரும் கவனிக்கவில்லை.

"ஒரே ஊசி, ஆயுசுக்கும் போதும்" என்று மெடிக்கலில் சொன்னார்களே, அந்த ஒரே ஊசியில்தான் சிக்கல். தண்ணீரில் பரவும் இந்த மஞ்சள்காமாலைக்குக் காரணமான ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸுக்கு நம் நாட்டில் இரண்டு வகைத் தடுப்பூசி விற்கிறது. ஒன்று வீரியத்தைக் குறைத்த, ஆனால் உயிருள்ள வைரஸ். பயோவாக் ஏ என்ற பெயரில் வருவது அந்த வகை, ஒரே டோஸ். இன்னொன்று கொன்ற வைரஸ். ஹேவ்ரிக்ஸ் போன்றவை அந்த வகை, பெரியவர்களுக்கு இரண்டு டோஸ், நடுவில் ஆறு மாதத்துக்குக் குறையாத இடைவெளி. சாதாரண ஆளுக்கு இரண்டும் நல்ல ஊசிகள்தான். ஆனால் அடாலிமுமாப், அசாதையோபிரின் எடுப்பவருக்கு உயிருள்ள வகை கூடாது. குறைத்த வீரியமும் அடக்கி வைத்த உடம்பில் எப்படி நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது.

பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படியுங்கள். 'லைவ்' என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'இன்ஆக்டிவேட்டட்' என்று இருக்க வேண்டும். பொடியாக இருந்து தண்ணீர் கலந்து போட்டால் உயிருள்ளது என்று ஒரு கணக்கு ஓடுகிறது, அதை நம்பாதீர்கள். நாய்க்கடி ஊசியும் பொடிதான், அது கொன்ற வைரஸ். எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதே விதி மற்ற ஊசிகளுக்கும். தட்டம்மை சேர்ந்த எம்எம்ஆர், சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல், பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, மூக்கில் அடிக்கும் ப்ளூ மருந்து, வாய்வழி டைபாய்டு மருந்து, இவை உயிருள்ளவை. கையில் போடும் ப்ளூ ஊசி, நிமோனியா, ஹெப்படைட்டிஸ் பி, டெட்டனஸ், எச்பிவி, ரேபிஸ் எல்லாம் உயிரில்லாதவை. கோவாக்சின் கொன்ற வைரஸ். கோவிஷீல்டில் இருந்தது பெருக முடியாதபடி மாற்றிய அடினோவைரஸ், அதனால் அதையும் இந்த உயிருள்ள பட்டியலில் சேர்ப்பதில்லை.

உயிரில்லாத ஊசிக்காக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டியதில்லை. அடாலிமுமாப் தேதியையும் மாற்ற வேண்டாம். இரண்டையும் ஒரே இடத்தில் குத்தாமல் இருந்தால் சரி.

இயற்கை_வழி
மருந்துக்கடைக்காரர் மருந்து வேண்டாம் என்றா சொல்வார்? கோவிஷீல்டு ரத்தக்கட்டு உண்டாக்கும் என்று கம்பெனியே லண்டன் கோர்ட்டில் ஒப்புக்கொண்டதே, அது என்ன ஆச்சு? அப்புறம், இந்தக் குடல் நோயே தடுப்பூசியால்தான் பரவியது என்று வெளிநாட்டு டாக்டர் ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். தேடிப் பாருங்கள்.

களியக்காவிளை_பார்மசி
இரண்டுக்கும் பதில் சொல்கிறேன் அண்ணே, கோபமில்லை.

கோர்ட் விஷயம் உண்மை. 2024ல் வெளியே வந்தது. மிக அரிதாக, ரத்தத் தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் கோளாறு இந்த ஊசியால் வரலாம் என்று நிறுவனம் சொன்னது. ஆனால் இது 2021லேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் சொன்னதுதான், புதிதாக அம்பலமான ரகசியம் இல்லை. பத்து லட்சம் பேரில் சிலருக்கு, அதுவும் பெரும்பாலும் முதல் டோஸுக்குப் பிறகு, நாலாம் நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள். கடுமையான தலைவலி, மூச்சிரைப்பு, கால் வீக்கம், விடாத வயிற்றுவலி என்பவை அறிகுறிகள். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். நம் நோயாளிக்கு வயிற்றுவலி பழகிப்போன விஷயம், "வழக்கமானதுதான்" என்று விட்டுவிடக்கூடும். தவிர, குடல் அழற்சி கிளம்பியிருக்கும்போது ஊசி இல்லாமலேயே ரத்தக்கட்டு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இதை எந்த வாட்சப் செய்தியும் சொல்லவில்லை.

அந்த வெளிநாட்டு டாக்டர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு. 1995ல் தட்டம்மை ஊசிக்கும் குடல் அழற்சிக்கும் தொடர்பு என்று அவருடைய குழு எழுதியது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. 1998ல் எம்எம்ஆர் ஊசி, குடல், ஆட்டிசம் என்று லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை போட்டார். 2010ல் லான்செட் அதை விலக்கிக்கொண்டது, அதே வருடம் பிரிட்டிஷ் மருத்துவர் பதிவேட்டிலிருந்தே அவர் பெயரை நீக்கினார்கள். கட்டுரையைத் தேடிப் பார்த்தால் இதுவும் கூடவே கிடைக்கும்.

கீழாநெல்லியைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அசாதையோபிரின் எடுப்பவருக்கு ஏற்கெனவே கல்லீரல் சோதனை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது, அவருக்கு அரைத்துக் கொடுக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

குமுளி_ஏலத்தோட்டம்
எல்லாரும் ஊசிக்கு நல்ல சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பக்கவிளைவு என்றால் என்ன என்று பட்டவன் சொல்கிறேன்.

எனக்கு குரோன்ஸ், சிறுகுடலின் கடைசிப் பகுதியில். மாத்திரையை மாற்றும் முன்னால் அக்கி வராமல் இருக்க ஷிங்ரிக்ஸ் ஊசி போடச் சொன்னார் டாக்டர். 2023ல்தான் இந்தியாவுக்கு வந்தது, விலையும் கை கடிக்கும். போட்ட அன்று சாயங்காலம் வண்டன்மேடு ஏல மையத்துக்குப் போக வேண்டிய வேலை. போக முடியவில்லை. தோள் வீங்கி, சட்டைக் கையை மடக்க முடியாமல், பல் கிடுகிடுவென்று குளிர், மூட்டுக்கு மூட்டு வலி. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி ஜீப்பில் வருகிற வேலைக்காரப் பெண்கள் "முதலாளிக்கு மலேரியாவா" என்று கேட்டார்கள். மறுநாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாள் காலையில் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து உட்கார்ந்தேன். இரண்டாவது டோஸுக்கும் இதே கூத்து.

வயிறு? ஒன்றுமே இல்லை. அதுதான் ஆச்சரியம். குரோன்ஸ்காரன் என்பதால் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன், அடி விழுந்ததெல்லாம் தோளில்.

அந்த ஊசியில் உடம்பை உசுப்பிவிடும் துணைப்பொருள் ஒன்று சேர்த்திருக்கிறார்கள், அதனால்தான் அந்த ஆட்டம், போடுகிற பத்துப் பேரில் ஒருவருக்காவது அன்றாட வேலை கெடும் அளவுக்கு இருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். முன்னாடியே சொல்லியிருந்தால் ஏலத்துக்கு வேறு ஆளை அனுப்பியிருப்பேன். பயமுறுத்தக்கூடாது என்று சொல்லாமல் விடுகிறார்களே, அதுதான் பயத்தை வளர்க்கிறது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
குமுளியார் சொன்ன கடைசி வரிக்கு நூற்றுக்கு நூறு.

பக்கவிளைவு நமக்கு மற்றவர்களைவிட அதிகமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு கணக்கெடுப்பு உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் சீடர்ஸ் சினாய் மருத்துவமனைக்காரர்கள் 2021ல் வெளியிட்டது. குடல் அழற்சி உள்ள 246 பேர், கொரோனாவுக்கு எம்ஆர்என்ஏ வகை ஊசி போட்டவர்கள். முதல் டோஸுக்குப் பிறகு 39 சதவீதம் பேருக்கும், இரண்டாவதுக்குப் பிறகு 62 சதவீதம் பேருக்கும் ஏதோ ஒரு தொந்தரவு. கைவலி, அசதி, தலைவலி, காய்ச்சல் இப்படி. பொதுமக்களிடம் பார்த்ததற்கு ஒட்டிய அளவுதான். வயது குறைந்தவர்களுக்கும் ஏற்கெனவே கொரோனா வந்துபோனவர்களுக்கும் அதிகம். அடாலிமுமாப் போன்ற பயாலஜிக் மருந்து எடுப்பவர்களுக்குக் குறைவு! எதிர்ப்பை அடக்கும் மருந்து ஊசியின் ஆர்ப்பாட்டத்தையும் கொஞ்சம் அடக்கிவிடுகிறது.

இதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. ஆர்ப்பாட்டம் குறைந்தால் பலனும் குறையுமா? குறையலாம். பிரிட்டனில் கிளாரிட்டி என்ற ஆய்வில் இன்ஃப்ளிக்ஸிமாப் எடுப்பவர்களையும், பெரும்பாலும் குடலில் மட்டும் வேலை செய்யும் வெடோலிசுமாப் எடுப்பவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கொரோனா ஊசிக்குப் பிறகு இன்ஃப்ளிக்ஸிமாப்காரர்களின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தெளிவாகக் குறைவு, அசாதையோபிரின் போன்றதும் சேர்ந்தால் இன்னும் குறைவு. இரண்டாவது டோஸுக்குப் பிறகு நிலைமை நன்றாகவே தேறியது. அடாலிமுமாப் இன்ஃப்ளிக்ஸிமாப்பின் இனம்தான். ஆக அம்மிணி, உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் நான் கவலைப்படுவது ஊசி அதிகமாக வேலை செய்துவிடும் என்று இல்லை, குறைவாக வேலை செய்துவிடும் என்று. இரண்டாவது டோஸைத் தவறவிடக் கூடாது என்பது அதனால்தான். முதல் ஊசி போட்டாச்சு என்று பச்சைத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடவும் கூடாது.

தண்ணீர் என்றதும் நினைவு வருகிறது. புனலூர்ப் பக்கம் ஓட்டல்களில் பதிமுகம் என்ற மரத்துண்டு போட்ட சிவப்புத் தண்ணீர் வெதுவெதுப்பாகக் கொடுப்பார்கள். பார்த்தால் கொதித்தது மாதிரி இருக்கும். சில இடத்தில் கொதிக்கிற தண்ணீரில் பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீரைக் கலந்துதான் அந்த வெதுவெதுப்பு வருகிறது. கேரள சுகாதாரத் துறையே கலக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருக்கிறது. வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

களியக்காவிளை_பார்மசி
இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. ஊசிக்கு முன்னால் ரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் ஏ ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சின்ன வயதில் வந்து, யாருக்கும் தெரியாமல் போயிருந்தால் உடம்பில் எதிர்ப்பு ஏற்கெனவே இருக்கும், ஊசியே வேண்டாம். நம் தலைமுறையில் குளத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களில் அப்படி நிறையப் பேர் உண்டு. கேரளாவில் தண்ணீர், கழிப்பறை வசதி மேலானதால் இளவயதுக்காரர்களுக்குச் சின்னதில் இது வருவதில்லை. இருபது, முப்பது வயதில் முதன்முதலாக வரும்போது பாடாய்ப் படுத்திவிடுகிறது.

கூட வேலை செய்யும் பையனுக்கு வந்துவிட்டதால் உங்கள் வீட்டுக்காரர் உடம்பிலும் கிருமி நுழைந்திருக்கலாம், தெரியாது. இரண்டு வாரத்துக்குள் ஊசி போட்டால் ஓரளவு தடுக்கும், எனவே ரிசல்ட்டுக்காக ரொம்ப இழுக்க வேண்டாம். இவரைப் போல் மருந்து எடுப்பவர்களுக்குக் கூடவே இம்யூனோகுளோபுலினும் (தயாராக உள்ள எதிர்ப்பொருளை நேரடியாகச் செலுத்தும் ஊசி) வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், போன் கிடைத்ததும் முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள். இந்த நோய் உள்ளே புகுந்து வெளியே தெரிய சராசரியாக நாலு வாரம், சிலருக்கு 50 நாள்கூட ஆகும். ஊசி போட்ட பத்தாம் நாள் கண் மஞ்சளானால் தெரு முழுக்க "ஊசிதான் கொண்டுவந்தது" என்று பேசும். கணக்கு போட்டுப் பார்த்தால் கிருமி அதற்கு முன்பே உள்ளே போயிருக்கும். முன்கூட்டியே மாமியாரிடம் சொல்லி வையுங்கள்.

இயற்கை_வழி
சரி, ஒரு சந்தேகம், சண்டைக்கு இல்லை. ஊசிக்கு அப்புறம் பேதியானால் அது ஊசி பேதியா, நோய் கிளம்பின பேதியா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? என் சித்தப்பா மகனை இது தெரியாமல்தான் அலைக்கழித்தார்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
நல்ல கேள்வி. ஊசி போட்ட மறுநாள், அதற்கடுத்த நாள் சிலருக்கு வயிறு இளகும், நோய் இல்லாதவர்களுக்கும்தான். ரத்தம் இல்லாமல், ராத்திரி தூக்கத்தைக் கலைக்காமல், இரண்டு மூன்று நாளில் அடங்கினால் பேசாமல் விட்டுவிடலாம். ரத்தம் வந்தால், ராத்திரியும் எழுந்து ஓட வேண்டியிருந்தால், வாரம் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும். மலத்தில் கால்புரோடெக்டின் என்று ஒரு சோதனை இருக்கிறது. 50க்குக் கீழே என்றால் குடலில் அழற்சி இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம், 250ஐத் தாண்டினால் நோய் கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம், நடுவில் இருந்தால் திரும்பப் பார்ப்பார்கள். கூடவே கிருமித் தொற்று இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், அதைப் பார்க்காமல் ஸ்டீராய்டைக் கூட்டினால் வம்பு.

ஊசி போடும் முன்பே, வயிறு நன்றாக இருக்கும்போது, ஒரு கால்புரோடெக்டின் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. நான் அப்படித்தான் செய்கிறேன். செலவு இருக்கிறது, எல்லாரையும் செய் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் தம்பிக்குப் பெரிய பாதிப்பு இருந்தால் அதைப் பதிவு செய்யுங்கள் சார். 1800 180 3024, காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையத்தின் இலவச எண், மருந்து, தடுப்பூசிப் பாதிப்புகளை நோயாளியே சொல்லலாம். இங்கே நூறு பேரிடம் சொல்வதைவிட அங்கே ஒருமுறை சொன்னால் அது கணக்கில் ஏறும்.

சித்தூர்ப்புழை
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். தம்பி மனைவி இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்துக்கொண்டே கர்ப்பமாக இருக்கிறாள், ஏழாம் மாதம். நிறுத்த வேண்டாம் என்று குடல் டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைக்கு ஊசி போடும் விஷயத்தில் ஏதாவது பார்க்க வேண்டுமா? இங்கே பிறந்த உடனே பிசிஜி போட்டுவிடுவார்களே.

களியக்காவிளை_பார்மசி
சேச்சி, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் எல்லாம் கடைசி மூன்று மாதத்தில் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். பிறந்த பிறகும் மாதக்கணக்கில் பிள்ளையின் ரத்தத்தில் இருக்கும். பிசிஜி உயிருள்ள ஊசி. 2010ல் மருத்துவ இதழில் வந்த ஒரு சம்பவம் உண்டு. தாய்க்கு குரோன்ஸ், கர்ப்பகாலம் முழுக்க இன்ஃப்ளிக்ஸிமாப். குழந்தை நன்றாகத்தான் பிறந்தது, மூன்றாம் மாதம் பிசிஜி போட்டார்கள், அந்தக் கிருமி உடம்பு முழுக்கப் பரவி நாலரை மாதத்தில் குழந்தை இறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு உயிருள்ள ஊசியைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டும் என்ற விதி உறுதியானது. 12 மாதம் என்று சொல்லும் வழிகாட்டுதல்களும் உண்டு.

மேலை நாடுகள் பலவற்றில் பிறந்ததும் பிசிஜி கிடையாது, அதனால் அங்கே எழுதிய கட்டுரைகள் இதை ஒரு வரியில் முடித்துவிடும். நமக்குப் பிரசவ வார்டிலேயே பிசிஜியும் போலியோ சொட்டும் வழக்கம், நர்ஸம்மா நல்ல எண்ணத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பிள்ளை பிறக்கும் நேரத்தில் குடல் டாக்டர் பக்கத்தில் இருக்க மாட்டார். இப்போதே அவரிடம் ஒரு கடிதம் வாங்கி, பிரசவ ஃபைலின் முதல் பக்கத்தில் பின் செய்து, குழந்தை டாக்டரிடமும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். தம்பியிடமும் ஒரு நகல் இருக்கட்டும். ஆறாவது வாரத்தில் கொடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டும் உயிருள்ளதுதான், அதில் நிபுணர்கள் முன்பைவிட இப்போது இளகி வருகிறார்கள், குழந்தை டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். ஹெப்படைட்டிஸ் பி, பென்டாவேலன்ட், ஊசியாகப் போடும் போலியோ எல்லாம் உரிய நாளில் போடலாம், தள்ளவே கூடாது. தாய் மெசலமின் (எதிர்ப்பு சக்தியை அடக்காத குடல் மாத்திரை) மட்டும் எடுத்திருந்தால் இந்தக் கவலை எதுவும் இல்லை.

சித்தூர்ப்புழை
அய்யோ, கேட்டது நல்லதாய்ப் போச்சு. நாளைக்கே பாலக்காடு போய்க் கடிதம் வாங்குகிறோம்.

செங்கோட்டை_மருமகள்
தாமதத்துக்கு மன்னியுங்கள். ஐஜிஜி நெகடிவ், அதாவது எதிர்ப்பு இல்லை. திருநெல்வேலி டாக்டர் போனில் கிடைத்தார், கொன்ற வைரஸ் வகையைப் பெயர் சொல்லியே வாங்கச் சொன்னார், இவருக்கு இப்போதைக்கு அது போதும் என்றார். தென்காசியில் கிடைத்தது. முதலில் நீட்டியது அந்த ஒரே டோஸ் பெட்டிதான். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரருக்கு முகம் மாறிவிட்டது.

கை வலித்தது, ராத்திரி லேசாகக் காய்ச்சல், வெறும் பாராசிட்டமால். மறுநாள் வயிறு கொஞ்சம் இளகி அடங்கிவிட்டது. ரத்தம் எதுவும் இல்லை. மாத்திரை ஒருநாளும் விடவில்லை. புனலூருக்குத் திரும்பிப் போய்விட்டார், அரைத்த சுக்கும் பெரிய பிளாஸ்கும் கொடுத்தனுப்பினேன். மாமியார் மட்டும் இன்னும் தினமும் போன் போட்டு "கண் மஞ்சளா இருக்கா பாரு" என்கிறார்.

தென்மலை_ரப்பர்
அவசரம். எனக்குக் கோலைட்டிஸ், அசாதையோபிரின் ஓடுகிறது. இன்று விடிகாலை ரப்பர் வெட்டப் போகும்போது தெருநாய் காலில் பிறாண்டிவிட்டது. ரத்தம் இல்லை, தோலில் கோடு மட்டும். ஊசி போட்டால் கோலைட்டிஸ் கிளம்புமோ என்று வீட்டில் இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்தேன்.

களியக்காவிளை_பார்மசி
எழுந்து போங்கள். முதலில் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், பிறகு நேராக அரசு ஆஸ்பத்திரி. ரேபிஸ் ஊசி கொன்ற வைரஸ், எந்த நோய்க்காரரும் எந்த மாத்திரைக்காரரும் போடலாம். இதில் யோசிப்பதற்கு இடமே இல்லை. அங்கே போனதும் அசாதையோபிரின் எடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், மாத்திரை அட்டையையும் காட்டுங்கள். ரத்தம் வராத கீறலுக்கு மற்றவர்களுக்கு ஊசி மட்டும் போடுவார்கள். எதிர்ப்பு குறைந்தவருக்கு அதற்கும் இம்யூனோகுளோபுலின் சேர்த்துப் போட வேண்டும்.

தென்மலை_ரப்பர்
புனலூர் போய்வந்தேன். முதலில் ஊசி மட்டும் போட்டு அனுப்பப் பார்த்தார்கள், அட்டையைக் காட்டியதும் டாக்டரைக் கூப்பிட்டு, காலில் கீறல் இருந்த இடத்தைச் சுற்றி மற்றதையும் போட்டார்கள். அது நல்ல வலி. மூன்றாம் நாள் மறுபடியும் வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அசாதையோபிரின் ராத்திரி வழக்கம்போல் போட்டுக்கொள்ளலாம்தானே?

களியக்காவிளை_பார்மசி
போடுங்கள். ஒன்றையும் நிறுத்த வேண்டாம்.